உம்மு ஹபீபாவின் மீன் சாடிகள்

கீழக்கரையில் மாப்பிள்ளை பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. பெட்டியோடு பெண் வீட்டுக்கே வந்துவிடுவார். ஆகவே அவர் படுத்து எழும் அறையை அலங்கரிப்பது பெண் வீட்டாரின் தலையாய கடமை. அலங்காரம் என்றால் கொழும்புப் பீங்கான். சுவர் அலமாரி நிறையப் பீங்கான் இல்லாத அறையில் குடும்பம் நடத்த முடியாது என்பது அக்காலத்து அறிஞர்களின் ஒருமித்த முடிவு.

1956-ல் உம்மு ஹபீபாவின் மகள் சுலைகாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கொழும்பில் கடை வைத்திருந்த கணவர் வாவு முகம்மது, சுங்கக் கெடுபிடிக்குப் பயந்து ஒரே ஒரு கைப்பெட்டியோடு வந்து இறங்கினார். அதில் சோப்பு இருந்தது, பீங்கான் இல்லை.

"பக்கத்து வீட்டுல இரவல் வாங்கி அடுக்குவோம் புள்ள. கல்யாணம் முடியவும் திருப்பிக் குடுத்துரலாம்."

"எம்மக அறையில இரவல் சாமானா? நானே செய்யுறேன்."

"என்னத்த?"

"பூச்சாடி."

நாற்பத்திரண்டு வயதுவரை உம்மு ஹபீபா கையால் பிடித்த உருவம் கொழுக்கட்டை ஒன்றுதான். அந்தத் தகுதி போதும் என்று அவர் கருதினார்.

சட்டிபானை செய்யும் முருகம்மாள் கொல்லை வாசல் வழியாக மண் கொண்டுவந்தார். சக்கரம் வேண்டாம் என்று உம்மு ஹபீபா தள்ளிவிட்டார். கையாலேயே ஐந்து மீன்கள் எழுந்தன. வாலை ஊன்றி நிமிர்ந்து, வாயைப் பிளந்து நிற்கும் மீன்கள். கரண்டி விளிம்பால் செதில் கீறி, விளக்குமாற்றுக் குச்சியால் கண் வைத்தார். பூவை வாயில் செருக வேண்டும்.

முருகம்மாளின் சூளையிலிருந்து அவை செக்கச்செவேல் என்று வந்தன. மூன்றாம் நாள் அலமாரியில் நின்றபடியே பொரிந்து உதிர்ந்தன.

"கடக்கரை மண்ணுல கிளிஞ்சத் தூளு கெடக்கும்மா. சூளையில அது சுண்ணாம்பாப் போகும். அப்பறம் ஈரக்காத்து பட்டா ஊதி வெடிக்கும்."

"அப்பச் சலிப்போம்."

"மண்ண யாரும்மா மல்லுத்துணியில சலிப்பா?"

"நான் சலிப்பேன்."

ஆறு நாள் சலித்தார். இரண்டாம் முறை வாலில் விரிசல் விட்டது. மூன்றாம் முறை ஐந்தும் பிழைத்தன. எப்போது வெடிக்குமோ என்று வாவு முகம்மது மட்டும் ஒரு வாரம் அந்த அலமாரிப் பக்கம் முதுகைக் காட்டவில்லை.

கல்யாணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் உம்மா மெஹருன்னிசா அறை பார்க்க வந்தார். அவர் தலையசைத்தால் மீன்கள் நிற்கும். இல்லையேல் இரவல் பீங்கான் ஏறும். வாவு முகம்மது முன்னெச்சரிக்கையாக ஒரு கூடைப் பீங்கானை இரவல் வாங்கிக் கட்டிலுக்கடியில் ஒளித்திருந்தார். அலமாரியின் நடுத்தட்டில், நிச்சயத்தன்று மெஹருன்னிசா சீராகக் கொடுத்த கொழும்புப் பீங்கான் அன்னங்கள் இரண்டு, நீலக் கண்ணோடு வீற்றிருந்தன.

மெஹருன்னிசா மீனை உற்றுப் பார்த்தார். மீனும் அவரைப் பார்த்தது.

"என்ன சம்மந்தி, கண்ணு மூக்கோட உசுருள்ள உருவமாவுல இருக்கு! எம்புள்ள தூங்குற அறைக்கு மலக்குமாரு வருவாகளா?"

உருவம் உள்ள அறைக்குள் மலக்குகள், அதாவது வானவர்கள், நுழையமாட்டார்கள் என்பது நம்பிக்கை. கடல் தாண்டி வந்த அன்னங்களுக்கும் கண் உண்டு என்பது தெருவில் அதுவரை யாரும் கண்டுபிடிக்காத விஷயம்.

உம்மு ஹபீபா மகள் பக்கம் திரும்பினார். "சுலைகா, வாப்பாட ரம்பத்தை எடுத்தா."

"உம்மா, விட்ருங்களேன்..."

"எடுத்தாங்குறேன்ல! தலை இல்லேன்னா அது உருவம் இல்லேன்னு பள்ளிவாசல் ஆலிம்சா சொல்லியிருக்காக."

மூன்று மாத உழைப்பில் விளைந்த ஒரு மீனை மடியில் கிடத்தி, கழுத்தில் ரம்பத்தை வைத்து அறுத்தார். செம்மண் தூள் பறந்தது. தலை போன மீனைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்து ஓர் அன்னத்தைக் கழுத்தோடு தூக்கினார்.

"இது என்னத்துக்கு?" என்று அலறினார் மெஹருன்னிசா.

"இதுக்கும் கண்ணு இருக்கே சம்மந்தி. மலக்குமாருக்கு மீனு வேற, அன்னம் வேறயா?"

ரம்பம் பீங்கானில் பட்டு ஒரு கீச்சொலி எழுந்தது. மெஹருன்னிசா பாய்ந்து அன்னத்தைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மார்க்கத்தில் அவர் பார்வை அந்த நொடியே விரிந்தது.

"கண்ணுன்னா... குச்சியில குத்துன புள்ளிதானே. நிக்கட்டும், எல்லாம் நிக்கட்டும்."

கட்டிலுக்கடியிலிருந்த கூடை கொல்லை வாசல் வழியாகத் திரும்பிப் போனது. நான்கு மீன்கள் கண்ணோடும், ஒன்று தலையின்றியும் சுலைகாவின் அறையில் நின்றன. கல்யாணத்தன்று நான்கின் வாயிலும் இரண்டிரண்டு பூதான் நுழைந்தது. ஐந்தாவதில் ஒரு கொத்தே நின்றது.

மறுவாரம் மெஹருன்னிசா வந்து வெற்றிலை போட்டார், வெயிலைப் பற்றிப் பேசினார், பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தத் தலையில்லாத மீனு நல்லா அகலமா இருக்கு. எங்க வீட்டுக்கும் ஒண்ணு அறுத்துத் தாங்க சம்மந்தி."