முகம் மட்டும் மறைத்தார்கள்

என் முகத்தை மறைத்துவிடுவதாகத்தான் சொன்னார்கள். மறைத்தும் இருந்தார்கள். அதில் நான் பிழை சொல்ல முடியாது.

எங்கள் காணி இன்னும் இராணுவ முகாம் வேலிக்கு உள்ளேதான் கிடக்கிறது. காணியை விடுவிக்கச் சொல்லி, முகாம் வாசலுக்கு எதிரே கொட்டில் போட்டு ஊர்ப் பெண்கள் இருந்து வருகிறார்கள். நானும் பின்னேரங்களில் மகளைத் தூக்கிக்கொண்டு மாமியோடு போய்க் கொஞ்ச நேரம் இருப்பேன். நான் முன்பள்ளி ரீச்சர். அந்த முன்பள்ளியை நடத்துவதும் சீருடைக்காரரின் ஒரு பிரிவுதான். காலையில் அவர்களுடைய வேலை, பின்னேரம் அவர்களுக்கு எதிராகப் போராட்டம். இது எதுவரைக்கும் சரிவரும் என்று ஒவ்வொரு முறை செருப்பைப் போடும்போதும் யோசிப்பேன். போகாமல் விட்டால் மாமியின் முகத்தைப் பார்க்க முடியாது. காணி அவாவின் சீதனம்.

கொழும்பிலிருந்து ஒரு மனித உரிமை அமைப்பு வந்தது. அரசாங்கத்துக்கு மாறாகக் கருத்துச் சொல்வதும் எங்கள் உரிமை என்று நன்றாகத்தான் விளங்கப்படுத்தினார்கள். கமெரா வைத்திருந்த பிள்ளை என்னைவிட இளையவள்.

"அக்கா, நீங்கள் தெளிவாக் கதைக்கிறீங்கள். ரெண்டு வசனம் சொல்லுங்கோ. முகத்தை மறைச்சுத்தான் போடுவம்."

"வேலைக்குப் பிரச்சினை வரும், தங்கச்சி."

"ஒருத்தருக்கும் தெரியாது. நான் பொறுப்பு."

இரண்டு வசனம் என்று தொடங்கியவள் கிணறு, பலா, இடித்த வீட்டின் அத்திவாரம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மகள் மடியில் இருந்தாள்.

அடுத்த கிழமை பக்கத்து வீட்டு அக்கா போனைத் தூக்கிக்கொண்டு வந்தா.

"ரீச்சர், நீங்கள் ஃபேஸ்புக்கில ஓடுறீங்கள்!"

முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறமாக எதுவோ கலங்கித் தெரிந்தது. அதற்குக் கீழே என் மகள், நான் தைத்த மஞ்சள் சட்டையில், வாயெல்லாம் பிஸ்கட்டோடு, அவ்வளவு தெளிவாக. குரலும் என்னுடையதே. சொல்லுக்குச் சொல் விரலை மடக்கும் கைகளும் என்னுடையவை.

"முகம் இல்லாட்டி என்ன? இந்தக் கையைப் பாத்திட்டு என்ர பெடியன் 'எங்கட ரீச்சர்' எண்டு கத்துறான்."

அக்கா சிரித்தா. நானும் சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்துவிட்டேன்.

இரண்டு நாளில் சிவில் உடுப்பில் ஒருவர் வந்து மோட்டார் சைக்கிளைப் படலையடியில் நிறுத்தினார். என்னிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை.

"மகள் எங்க? மஞ்சள் சட்டையில நல்ல வடிவா இருந்தா."

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

"உரிமைக்காரர் இப்ப வந்து எங்கட படலையில காவல் நிப்பினமோ?" என்று என் கணவர் கேட்டார். நான் அந்தக் கமெராப் பிள்ளைக்குப் போன் எடுத்தேன்.

"தங்கச்சி, அந்த வீடியோவை ஃபேஸ்புக்கில இருந்து எடுத்துவிடுங்கோ."

"நிறையப் பேர் பாத்திட்டினம் அக்கா. இப்ப எடுத்தா நாங்கள் பயந்திட்டம் எண்டு நினைப்பினம். சேரோட கதையுங்கோ."

அமைப்புக்குப் பொறுப்பான சேர் மிகவும் மரியாதையாகக் கதைத்தார். நான் துணிவான பெண் என்றார். வீட்டுக்கு ஆள் வந்ததைப் பற்றியும் ஒரு வாக்குமூலம் தந்தால் நல்லது, இந்த முறையும் முகத்தை மறைக்கலாம் என்றார்.

"வேண்டாம் சேர். போட்ட வீடியோவை எடுத்தால் போதும்."

"அவசரப்படாதேங்கோ. யோசிச்சுச் சொல்லுங்கோ."

யோசித்துத்தான் சொல்லியிருந்தேன். அரசாங்கத்துக்கு நான் மாட்டேன் என்று சொன்னால் அது உரிமை. உரிமைக்காரருக்குச் சொன்னால் அவசரம்.

அதே கிழமை முன்பள்ளிக்குப் பொறுப்பான அதிகாரி கூப்பிட்டார். சத்தம் போடவில்லை.

"இனிக் கொட்டிலுக்குப் போகமாட்டன் எண்டு சொல்லுங்கோ ரீச்சர். பிரச்சினை முடிஞ்சுது."

வேறு வழி இருந்ததா என்று இப்போதும் யோசிக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு மகளின் சட்டையைத் தவிர ஒன்றும் நினைவில் இல்லை.

"போகமாட்டன் சேர்."

மாமியிடம் சொன்னபோது ஏசுவா என்று எதிர்பார்த்தேன். ஏசியிருக்கலாம்.

"நீ பிள்ளையைப் பார்," என்றா. அவ்வளவுதான்.

வீடியோ இன்னும் இருக்கிறது. அதில் நான், காணி கிடைக்கும்வரை எழும்பமாட்டோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். துணிச்சலான சகோதரிக்கு வாழ்த்துகள் என்று கீழே யார் யாரோ எழுதுகிறார்கள். பின்னேரத்தில் மாமி குடையை எடுத்துக்கொண்டு தனியக் கொட்டிலுக்குப் போகிறா. அவா ஒழுங்கை முடக்கில் மறையும்வரை பார்த்து நின்றுவிட்டு நான் படலையைச் சாத்துகிறேன்.