என் சத்தத்தை நகலெடுத்துப் போனவன்

பொறாமை என்றால் மனசில் ஏதோ லேசாக உறுத்தும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். இல்லை, சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது. கல்யாண வரவேற்புகளில் வாசிக்கிற மெல்லிசைக் குழு ஒன்றில் நான் கிட்டார்க்காரன். கிட்டார்க்காரனாக இருந்தேன் என்று சொல்ல வேண்டும். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன் சைதாப்பேட்டைக்காரன். வார நாட்களில் தரமணியில் கம்ப்யூட்டர் வேலை, ஞாயிறானால் மேடை. நல்லவன் வேறு. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்க என்னிடம் பழைய வால்வு ஆம்ப் ஒன்று இருக்கிறது, அந்தக்கால ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வுகள் வைத்தது. மயிலாப்பூரில் எங்கள் ஃப்ளாட்டின் கூடத்தில் பாதி அதற்கு, மீதிதான் நமக்கு என்பாள் மனைவி. தூக்க இரண்டு ஆள் வேண்டும், சூடாக நேரம் பிடிக்கும், மேடையில் ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். ஆனால் அதில் ஒரு இடம் உண்டு. மெதுவாக மீட்டினால் சத்தம் சுத்தமாக வரும். கொஞ்சம் அழுத்தினால், அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறவரின் தொண்டை மாதிரி லேசாகக் கம்மும். முழுக்க உடையாது, உடைகிற விளிம்பில் நிற்கும். காது கிழிகிற இரைச்சலை யார் வேண்டுமானாலும் கொண்டுவந்துவிடலாம். இந்த விளிம்பைப் பிடிக்க எனக்குப் பாதி ஆயுசு போயிற்று. என்னைப் பற்றி யாராவது நல்லதாக இரண்டு வார்த்தை சொன்னால் அந்தச் சத்தத்தைத்தான் சொல்வார்கள்.

அவன் வாங்கியது மாடலர் என்கிற பெட்டி. லேப்டாப் பைக்குள் அடங்கிவிடும். உலகத்தில் உள்ள பெயர்பெற்ற ஆம்ப் சத்தங்களையெல்லாம் அதற்குள் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு பித்தானைக் காலால் மிதித்தால் சுத்தமான சத்தம், அடுத்ததில் விளிம்பு, அதற்கடுத்ததில் இரைச்சல். அது போதாதென்று, நிஜ ஆம்ப் ஒன்றின் முன்னால் மைக்கை வைத்தால் அதன் சத்தத்தையும் நகலெடுத்துக்கொள்ளுமாம். உங்க ஆம்பை ஒரு தடவை எடுத்துக்கட்டுமாண்ணா என்று போனில் கேட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வா வா என்றேன். புத்தி எங்கே போயிற்றோ!

வந்தான். பெட்டி என் ஆம்புக்குள் கீச்சென்றும் உஸ்ஸென்றும் என்னென்னவோ சத்தங்களை அனுப்பியது, ஆம்பும் அதையெல்லாம் பரிதாபமாகத் திருப்பிச் சொன்னது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, அதுக்கு உடம்பு ஏதாவது படுத்தறதா என்று கேட்டாள். அவள் கொடுத்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பிறகு என் காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லி, ஒரே வரியை ஆம்பில் ஒரு தடவையும் நகலில் ஒரு தடவையும் வாசித்துக் காட்டினான். முதலில் வந்ததுதான் என் ஆம்ப் என்று அடித்துச் சொன்னேன். அது பெட்டி. ரெண்டும் ஒண்ணுதாண்ணா என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னான். வயிறு அப்போதே எரிய ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் நடந்தது நடந்தது. மண்டபங்களில் மேடை சின்னது. பெட்டியிலிருந்து ஒரு வயரை எடுத்து சவுண்ட் மிக்ஸரில் சொருகினால் அவன் தயார். குழுத் தலைவர் எனக்குப் போன் செய்து, கொஞ்ச நாள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். என் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை.

எனக்கு மிச்சமிருந்த பிடிமானம் ஒன்றே ஒன்றுதான். நாற்காலி அவனுடையது, ஆனால் சத்தம் என்னுடையது. பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொன்னேன். மாடியில் துணி உலர்த்த வந்தவர்களைக்கூட விடவில்லை. "அப்போ அந்தப் பெட்டி மேல நம்மாத்து அட்ரஸை ஒட்டச் சொல்லுங்கோ" என்றாள் மனைவி.

போன மாதம் தி.நகரில் உறவுக்காரர் வீட்டு வரவேற்புக்குப் போனோம். மேடையில் அவன். ஒரு பாட்டின் நடுவே தனியாக வாசித்தான். மெதுவாகத் தொடங்கி, ஒரு இடத்தில் அழுத்தினான். சத்தம் கம்மியது, உடையாமல் நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த முன்பின் தெரியாத மனிதரிடம், அது என்னோட ஆம்ப் சார் என்றேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் போனேன். அவன் வயர் சுற்றிக்கொண்டிருந்தான், தலைவரும் பக்கத்தில் இருந்தார். தலைவர் காதில் விழும்படி ஒரே ஒரு தடவை அவன் வாயால் சொல்லிவிட்டால் போதும் எனக்கு. அந்தச் சத்தம் யாரோடதுன்னு சாருக்குச் சொல்லேன் என்றேன்.

"இன்னாண்ணா, அதுவா? பெட்டியோடவே வந்ததுண்ணா. கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்தது."

அப்போ என்னுடையது?

"உங்க ஆம்ப்ல அந்த முனகல் கீதே, அதுவும் சேர்ந்து வந்துடுச்சுண்ணா. ரெண்டு கச்சேரி பார்த்தேன், ஒத்துவரல. அழிச்சிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தலைவர் மைக் ஸ்டாண்டை மடக்கப் போய்விட்டார். இத்தனை நாளும் இவன் என்னைத் திருடிவிட்டான், திருடிவிட்டான் என்று எரிந்துகொண்டிருந்தேன். திருடிக்கொண்டு போகிற அளவுக்குக்கூட என்னிடம் ஒன்றும் இல்லையா? எங்கோ முகம் தெரியாத எவனோ ஒருவன் ஆபீசில் உட்கார்ந்து செய்த சத்தம், அதை என்னுடையது என்று நினைத்து அழுதிருக்கிறேன். அவன் மேல் பொறாமை குறைந்ததா என்றால், அதுவும் இல்லை. அந்த ஆபீஸ்காரன் மேலும் சேர்த்து வந்தது, அவ்வளவுதான்.

முனகலைச் சரிபண்ணி வைக்கிறேன், இன்னொரு தடவை வந்து எடுத்துக்கோயேன் என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதுக்கின்னாண்ணா, ஞாயித்துக்கிழமை வரேன் என்றான் அவன், பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டே.

ரிப்பேர்க்காரரை வீட்டுக்கே வரவழைத்து முனகலை நிறுத்தினேன். ஞாயிறு காலை குளித்ததும் ஆம்பைப் போட்டேன். வால்வுகள் சிவந்து சூடாகி, கூடமே வெதுவெதுப்பாகிவிட்டது. வாசலில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து பால்கனிக்குப் போனேன். மத்தியானம் சாதத்தைப் போட்டுவிட்டு மனைவி கூப்பிட்டாள். அதை அணைச்சுடட்டுமா என்று அவள் மெதுவாகக் கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன்.