அக்காவின் அளவுச் சட்டை

நான் வேலை செய்யும் கடைக்கு ஒரு பெண் வருவார். ஐம்பது வயது இருக்கும். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கும் ஆசிரியை. புது உடுப்பு வாங்கிய கையோடு பின்னறைக்கு, என்னுடைய தையல் மெசினடிக்கு வந்துவிடுவார். உடுப்பைச் சுருக்கச் சொல்லமாட்டார், நீட்டவும் சொல்லமாட்டார். பின்கழுத்தில் அளவு எழுதிய சின்னத் துண்டு இருக்கும் அல்லவா, அதை மட்டும் மாற்ற வேண்டும். 42 என்று இருப்பதைப் பிரித்தெடுத்துவிட்டு, தன் பழைய உடுப்பொன்றிலிருந்து வெட்டிக்கொண்டு வந்த 38ஐ அந்த இடத்தில் தைத்துக் கொடுக்க வேண்டும். முதல்முறை கேட்டபோது என் ஜெர்மன்தான் என்னைக் கைவிட்டுவிட்டது என்று நினைத்தேன். "சட்டையைச் சின்னதாக்க வேண்டுமா?" என்று கேட்டேன். "இல்லை, சட்டை அளவாகத்தான் இருக்கிறது" என்றார். "அப்படியென்றால் இந்த இலக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?" அவர் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "காலையில் போடும்போது நான் பார்ப்பேனே" என்றார்.

உலகப் படத்தில் இலங்கையைத் தேடாமல் தொட்டுக் காட்டக்கூடிய பெண், தன் கழுத்துக்குப் பின்னால் கிடக்கும் ஓர் இலக்கத்துக்குப் பயப்படுகிறார். ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் சிரிக்கலாம். நானும் அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரித்தேன். ஆனால் இந்த நாட்டில் இருபத்தைந்து வருடமாக 'உம்கிளைட' என்ற உடுப்பு மாற்றும் அறையின் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். உள்ளே போகும்போது சிரித்துக்கொண்டு போன பெண்கள் கண் சிவந்து வெளியே வருவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ஒருமுறை ஒரு பெண் மூன்று கிழமையாகத் தான் பாண், ரொட்டி எதையும் தொடவில்லை என்று சொன்னார். நான் கத்தோலிக்கப் பிள்ளை, "தவக்காலமா?" என்று மரியாதையாகக் கேட்டேன். அப்போது ஐப்பசி மாதம். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

வந்த புதிதில் இதைவிடப் பெரிய பிழையும் விட்டேன். விடுமுறை முடிந்து வந்த முதலாளி அம்மா ஆளே பாதியாகியிருந்தார். எங்கள் ஊர்த் தலைமன்னாரில் ஒருத்தி அப்படி வந்து நின்றால் என்ன கேட்போமோ அதையே கேட்டேன். "மெலிந்துவிட்டீர்களே, உடம்புக்கு என்ன வருத்தம்?" அவர் முதல் பாதியை மட்டும்தான் கேட்டார். என்னைக் கட்டிப்பிடித்து, தன் கையால் கோப்பி போட்டுத் தந்தார். வருத்தத்தைப் பற்றிய கேள்வி அந்தக் கோப்பியோடு போய்விட்டது. "ஸீ ஹாபன் அப்கனொம்மன்", நீங்கள் எடை குறைத்துவிட்டீர்கள். இது இங்கே நலம் விசாரிப்பதில்லை, பாராட்டு. எனக்கும் அது மெதுமெதுவாகப் பழகிப்போனது. பழகியதுதான் வினையாகப் போய்விட்டது.

எங்கள் ஊரில் உடம்புக்கு இலக்கம் இருக்கவில்லை. ஆளுக்கொரு அளவுச் சட்டை இருந்தது. சாறிக்குப் போடும் சட்டைகளில் உடம்புக்கு நன்றாகப் பொருந்திய ஒரு பழையதை அலுமாரியில் தனியாக வைத்திருப்போம். மடு மாதாவின் திருநாளுக்குப் புதுச்சட்டை தைக்க வேண்டுமென்றால் புதுத்துணிக்குள் அந்தப் பழையதைச் சுற்றித் தையல்கார வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம். அவர் ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டு வெட்டுவார். அதற்காக ஊரில் உள்ளவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. நாடாவால் அளக்காததைக் கண்ணால் அளந்தார்கள். கொக்குக்கால், கருவாடு என்று எனக்கு இருந்த பட்டங்கள் கொஞ்சமல்ல. என் அக்கா பிலோமினா நேர்மாறு. கை காலெல்லாம் உருண்டு திரண்டு, மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் வீறுநடை போடுவார். என்னை 'அக்காவின் நிழல்' என்றுதான் சொல்வார்கள்.

எனக்கு ஜெர்மனி மாப்பிள்ளை பேசியபோது படம் எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. மன்னார்ப் பட்டினத்து ஸ்ரூடியோவுக்கு அக்காதான் கூட்டிக்கொண்டு போனார். ஸ்ரூடியோவின் பின்பக்கத்தில் வைத்து எனக்கு ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று உள்பாவாடை கட்டிவிட்டார். சட்டைக்குள் தோளடியில் துணி மடித்து வைத்தார். "மூச்சை இழுத்து விடாத, பிள்ளை. எல்லாம் கழண்டு விழும்" என்றார். படத்தில் நான் நல்ல உடம்புக்காரியாக நின்றேன். பிராங்க்பேர்ட் விமான நிலையத்தில் என் கணவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "படத்தில உடம்பாய் இருந்தீர்" என்று மெதுவாகச் சொன்னது தனிக்கதை. அக்காவிடம் அதைச் சொன்னபோது போனிலேயே அவருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

இந்த வருடம் அக்காவின் மகள் ஜெனிற்றாவுக்குக் கலியாணம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை விடத்தல்தீவுப் பக்கம். பெண்ணின் தாய் கட்டும் சாறிக்குச் சட்டை நான்தான் தைப்பேன் என்று அடம்பிடித்தேன். ஆறு வருடத்துக்கு முன்பு ஊருக்குப் போனபோது எடுத்த அளவு என் தையல் கொப்பியில் எழுதி இருந்தது. மார்பு நூற்றியிரண்டு சென்ரிமீற்றர். ஆனாலும் கலியாணச் சட்டை, பிழைக்கக் கூடாது என்று, ஊருக்குப் போயிருந்த ஒருவரிடம் அளவுச் சட்டை கொடுத்துவிடும்படி அக்காவிடம் சொன்னேன். வந்தது. சாயம் போன பச்சைச் சட்டை. அக்காவிடம் பச்சையில் பத்துச் சட்டை இருக்கும். கடையில் மதிய இடைவேளையில் மேசையில் விரித்து நாடாவை வைத்தேன். எழுபத்தெட்டு. சிரிப்பு வந்தது. உடனே அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, மகளின்ர சட்டையை மாறி அனுப்பிப் போட்டியள்."

காற்றின் இரைச்சலுக்குள் அக்காவின் குரல் வந்தது.

"ஓம் பிள்ளை, மாறித்தான் போச்சு. நீ பழைய அளவிலயே தை. உன்னட்ட எழுதிக் கிடக்குத்தானே."

போனை வைத்துவிட்டு, சட்டையை மடித்து வைக்கலாம் என்று உட்புறம் திருப்பினேன். திருப்பியவள் கதிரையில் இருந்துவிட்டேன். பக்கத் தையலில், ஓரத்துக்குக் கிட்ட, சாம்பல் நிற நூலில் இரட்டைத் தையல் ஓடியது. அது என் தையல். நான் கொண்டுபோன இந்தக் கடையின் நூல். ஆறு வருடத்துக்கு முன் அக்காவின் மெசினில் நானே தைத்த சட்டை. அந்தத் தையலுக்கு உட்பக்கமாக, ஒரு விரல் தள்ளி, கையால் ஓடவிட்ட கறுப்பு நூல். அதற்கும் ஒரு விரல் உள்ளே இன்னொரு வரி, வெள்ளை நூல். பிறகு நீலம். பிறகு திரும்பவும் கறுப்பு. இரண்டு பக்கமும் அப்படியே. நாலு வரி. ஒவ்வொரு முறையும் சட்டை தொளதொளத்தபோது கையில் அகப்பட்ட நூலால் அக்கா அதைத் தன் உடம்பைத் தேடி உள்ளே தள்ளியிருக்கிறார். தையல்காரியாகப் பிறவாமல் இருந்திருக்கலாம் என்று அந்த நேரம் நினைத்தேன்.

என்னோடு வேலை செய்யும் காறின் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தாள். மேசையில் கிடந்த சட்டையையும், பழைய தையலுக்கும் புதுத் தையலுக்கும் இடையில் இருந்த துணியையும் பார்த்தாள். அவளும் தையல்காரி, அவளுக்கும் விளங்கியது. விளங்கியது வேறு விதமாக. "இவ்வளவும் குறைத்துவிட்டாளா? யார் இந்த அதிர்ஷ்டக்காரி?" என்று கேட்டாள். என் அக்கா என்றேன். "எப்படிச் செய்தாளென்று கேட்டுச் சொல். என் வாழ்த்தையும் சொல்லு."

அவளை அடிக்கவேண்டும் போல இருந்தது. அடுத்த கணம்தான் என் தலையில் இடி விழுந்தது. அந்த வாழ்த்தை நான் ஏற்கனவே சொல்லிவிட்டேன். நாலு மாதத்துக்கு முன் வட்ஸ்அப்பில் அக்காவின் முகம் ஒடுங்கித் தெரிந்தபோது, "நல்லா மெலிஞ்சிட்டியள் அக்கா. கெட்டிக்காரி. சீனி வருத்தமும் கிட்ட வராது" என்று சொன்னவள் நான். அக்கா ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்ததும் இப்போது நினைவுக்கு வருகிறது. நான் பாராட்டியபடியால் மூடிக்கொண்டார். 'என்ன வருத்தம்' என்ற ஒரு கேள்வியை ஊரிலிருந்து கொண்டுவந்து, முன்பின் தெரியாத முதலாளி அம்மாவிடம் கேட்டவள், கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் நிற்கவில்லை. கடைக்கு வெளியே பஸ் தரிப்பில் நின்று அக்காவுக்கு வீடியோவில் போன் எடுத்தேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். மாப்பிள்ளையின் தாய் வந்துவிட்டு அப்போதுதான் போயிருக்கிறார், அக்கா சாறியோடு இருந்தார். தோளும் இடுப்பும் பழையபடி நிரம்பித் தெரிந்தன. ஒரு கணம் நான்தான் பைத்தியக்காரி என்று நினைத்தேன். பிறகு அவரது மணிக்கட்டைப் பார்த்தேன். காப்பு முழங்கை வரைக்கும் இறங்கிக் கிடந்தது.

"அக்கா, எத்தினை பாவாடை கட்டியிருக்கிறியள்?"

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். மகள் அறைக்குள் இல்லை.

"மூண்டு" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சாப்பாடு தங்குவதில்லை. மன்னார் ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் ஒரு கட்டி என்று சொல்லி, உடனே கொழும்புக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அது நடந்து இரண்டு மாதம். தாய்க்கு இப்படியொரு வருத்தம் என்று மாப்பிள்ளை வீட்டார் அறிந்தால், நாளைக்கு மகளுக்கும் வரும் என்று பின்வாங்கிவிடுவார்களாம். "கோயில்ல மூண்டு ஞாயிறும் கலியாண அறிவிப்பு ஓலை வாசிச்சு, தாலியும் ஏறட்டும். அடுத்த நாளே போறன். நீ பழைய அளவில தைச்சு அனுப்பு. நான் உள்ளுக்கு வைச்சுக் கட்டுறன். உனக்குக் கட்டிவிட்ட ஆள் நான், எனக்குத் தெரியாதே?"

கலியாணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. "தைக்க மாட்டன்" என்றேன். "நீங்கள் கொழும்புக்குப் போகுமட்டும் கத்திரிக்கோலைத் தொட மாட்டன்." அக்காவின் முகம் இறுகியது. "வெளிநாட்டில இருந்துகொண்டு எனக்குக் கட்டளை போடாத. இஞ்ச தையல்காரர் இல்லையே?" என்று சொல்லிப் போனை வைத்தார். பஸ் வந்தது, போனது. யாரோ ஒரு கிழவர் என்னிடம் ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். நான் அழுதுகொண்டு நிற்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அடுத்த நாள் ஜெனிற்றாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் உடைத்துவிட்டேன். கொடுத்த வாக்கை மீறவில்லை, அக்கா வாக்குக் கேட்கவே இல்லை. ஒரே வீட்டில் இருந்தும் பிள்ளைக்குத் தெரியாதா என்று எனக்குக் கோபம். அவள் சொன்னது என்னை இன்னொரு முறை உலுக்கியது. "கலியாணப் படத்தில ஸ்லிம்மா தெரியத்தான் அம்மா சாப்பாட்டைக் குறைக்கிறா எண்டு நினைச்சன் சித்தி. நானும் குறைக்கிறன். வடிவாய் இருக்கிறியள் அம்மா எண்டு சொன்னனான்." நான் மூன்று பாவாடை கட்டிப் படம் எடுத்த அதே ஊரில் என் பெறாமகள் இப்போது பட்டினி கிடந்து படம் எடுக்கப் போகிறாள். நான் மனதுக்குள் பத்திரமாக வைத்திருந்த ஊர் எப்போது மாறியது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த வாரமே அவள் தாயைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அக்கா யாருக்கு ஒளித்தாரோ அந்த மாப்பிள்ளையின் தாயும் அவர்களோடு ரயிலில் போனார். "நாலு மாதமாய்ப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். பாவாடைக்கு மேல பாவாடை கட்டினால் நடை மாறாதே? தானாய்ச் சொல்லட்டும் எண்டு இருந்தன்" என்றாராம். கலியாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், நிறுத்தவில்லை. கட்டியை எடுத்தாயிற்று. மருந்து ஏற்றுகிறார்கள். அது என்ன சொல்லும் என்று டொக்ரர்மாரே இன்னும் வாய் திறக்கவில்லை. அக்கா மட்டும் நேற்றுவரை என்னோடு கதைக்கவில்லை. நான் எடுத்தால் போனை மகளிடம் கொடுத்துவிடுவார்.

நேற்று மத்தியானம் சட்டைத் துணியை வெட்டினேன். என்ன அளவு என்று யாரிடமும் கேட்கவில்லை. பச்சைச் சட்டையைப் புதுத்துணியின் மேல் வைத்து, ஊர்த் தையல்காரர் போலவே வெட்டினேன். மேசையின் மறுபக்கத்தில் ஆசிரியையின் புது உடுப்பும், ஊசியால் குத்தி வைத்த 38 இலக்கத் துண்டும் காத்துக் கிடந்தன. அப்போது போன் அடித்தது. கொழும்பிலிருந்து அக்கா. ஐந்து கிழமைக்குப் பிறகு அவர் குரல், தேய்ந்து போய்க் கேட்டது. சுகம் விசாரிக்கவில்லை.

"சட்டை வெட்டிப் போட்டியா?"

"இப்பதான் வெட்டினனான்."

"எந்த அளவில?"

"நீங்கள் அனுப்பின அளவில."

ஆஸ்பத்திரியில் யாரோ வண்டில் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டு வைத்துவிடப் போகிறார் என்று பயந்தேன்.

"பிறகு பிரிச்சு விட, பக்கத்தில உள்ளுக்கு எவ்வளவு துணி விட்டனி?"

"ரெண்டு விரல்."

"காணாது பிள்ளை. நாலு விரல் விடு."

சரி என்றேன். வெட்டிய துண்டுகளைச் சுருட்டி வைத்துவிட்டு, ஆசிரியையின் உடுப்பையும் அந்த 38ஐயும் கதிரைக்குத் தள்ளினேன். மீதித் துணியை மேசை முழுவதும் விரித்து, பச்சைச் சட்டையை நடுவில் வைத்து, ஓரத்தில் என் நாலு விரலையும் பதித்துக் கோடு போட்டேன்.