தானம் கொடுக்கப் போன இடம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நாலு. செத்துப்போன தங்கச்சியின் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது ஆறு. அதில் ஒன்றைக்கூட நான் யாரிடமும் கொண்டுபோய் விட்டதில்லை. எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் பலகை வாசிக்க வரும், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுகிறாள்.

மாத்தளையில் சின்ன மகனோடு இருக்கிறேன்; எழுதுகிற பேத்தி அவன் மகள்தான். போன மாசம் தண்ணீர் பிடிக்கப் போய் பைப்படியில் விழுந்தேன். அதிலிருந்து நான் சோறு போடக் குசினிக்குள் போனால் மகனும் மருமகளும் பேசுகிற பேச்சு நின்றுவிடும். பகலுக்கு ஒரு ஆள் வைக்கலாமாம், ஆள் கிடைக்கவில்லையாம். கொழும்பில் மூத்தவன் வீடு இருக்கிறதாம், மாடிப்படி ஏற முடியாதாம். குவைத்திலிருக்கும் மகள் போனில் அழுகிறாள். இதெல்லாம் என் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் என் வீட்டுக்காரரின் திவசம் வந்தது. எப்போதும் வீட்டில் படைத்து, காக்காவுக்கு வைத்து, அக்கம்பக்கத்துக்குக் கொடுப்போம். இந்த வருசம் பலாபத்வலைப் பக்கம் ஒரு முதியோர் மடத்தில் சாப்பாடு கொடுப்போம் என்றான் மகன். இங்கே தமிழர், சிங்களவர் எல்லாரும் செய்கிறதுதான். முன்கூட்டியே நாள் சொல்லிவைத்து, சமைத்துக் கொண்டுபோய், நாமே பரிமாற வேண்டும். நல்ல காரியம். ஆனால் மருமகள் என் பையில் மாற்றுச் சேலையும் பிரஷர் மாத்திரையும் வைத்தாளே, அது எதற்கு?

"கறி கிறி கொட்டிட்டா மாத்திக்கலாம்ல, அத்தை."

"நீ பொறக்குறதுக்கு முன்னுக்கே பந்தியில பரிமாறினவ நான். என் கையில எப்ப கறி கொட்டுச்சு?"

அவள் பையை இழுத்து மூடினாள். பையை நானே மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

இடம் சுத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் கட்டிலெல்லாம் நிரம்பியிருக்க, ஜன்னலோரம் ஒரு கட்டிலில் மட்டும் விரிப்பு புதுசாகக் கிடந்தது. அதையும் பார்த்துக்கொண்டேன். மடத்தை நடத்துகிற அம்மா என் காலையே பார்த்தார். பிறகு மகனிடம் சிங்களத்தில், இவர் தனியாகக் கக்கூசுக்குப் போவாரா, உடுப்புத் துவைப்பாரா என்று கேட்டார். சாப்பாடு கொடுக்க வந்தவளைப் பற்றி இதெல்லாம் எதற்கு? நானே சிங்களத்தில், "போவேன், துவைப்பேன், என் வீட்டில்" என்றேன். மகன் சோற்றுச் சட்டியை இறக்குவதற்கு ஓடிப்போனான்.

வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான்தான் பப்படம் வைத்துக்கொண்டு போனேன். கடைசி நாற்காலியில் ஒரு தமிழ்க் கிழவி.

"யாரு பேருக்குத் தானம்?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"பப்படம் நல்லா பொரிஞ்சிருக்கு. நானும் அன்னைக்குப் பப்படந்தான் வச்சேன்."

"என்னைக்கு?"

"என்னையும் தானம் குடுக்கத்தான் கூட்டியாந்தாங்க, ஆத்தா. மவ திவசத்துக்கு. மருமவன் சட்டிய எல்லாம் எண்ணி ஏத்திக்கிட்டுப் போனாரு. என்னைய ஏத்தல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிட்டு முடித்து அவர்கள் எங்களுக்காக வேண்டிக் கும்பிட்டபோது நான் அங்கே நிற்கவில்லை, ஆட்டோவில் போய் உட்கார்ந்துவிட்டேன். மகன் வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா, அந்தம்மா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்றாங்க."

"என்னைய இங்க விடவா கூட்டியாந்த?"

"ஐயோ, இல்லம்மா. சும்மா இடத்தப் பாத்துட்டு..."

"நான் பாத்துட்டேன். ஏறு."

வீடு வரும்வரை அவன் வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூத்தவன் வருகிறானாம், "அம்மாவைப் பத்திப் பேச". பேசட்டும். மறுபடியும் விழுந்தால் யார் தூக்குவது என்று மருமகள் கேட்பாள். அது நியாயமான கேள்விதான், அதற்கு என்னிடமும் பதில் இல்லை. ஆனால் அம்மாவே இடத்தைப் பார்த்து ஒத்துக்கொண்டாள் என்று ஒருத்தரும் சொல்லக்கூடாது. யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் பேத்தி இதை எல்லாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குத்தான் எழுதச் சொன்னேன்.

போதும், பேனாவை வை. உங்கப்பன் பேசாமல் வந்ததை எழுதினாயா, இல்லை அப்பா பாவம் என்று விட்டுவிட்டாயா? முதலிலிருந்து சத்தமாக வாசி, கேட்கிறேன்.