ஜூஸ் பாட்டிலில் நீலகிரித் தைலம்

"முறிவு மருந்து குடுங்கக்கா, சீக்கிரம் குடுங்க!"

கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். ஜோதி குழந்தையோடு ஓடி வந்தாள். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துப் பெண். புருஷனுக்குச் சென்ட்ரிங் வேலை. எங்கள் கடைக்குப் பின்வீதியில் வாடகைக்கு இருந்தார்கள். இடுப்பில் மூன்று வயது கீர்த்தி. குழந்தையின் வாயிலிருந்து நீலகிரித் தைல வாசம் வந்தது. தலை தோளில் சாய்ந்து கிடந்தது.

"உங்க கடைத் தைலந்தானுங்கக்கா. ஜூஸுன்னு நெனச்சுக் குடிச்சுப்போட்டா. நீங்கதான இத விக்கறீங்க, முறிவு என்னன்னு உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

மைசூரில் வாசனை எண்ணெய் விற்கும் கடையில் கவுண்டர் வேலை பார்க்கிறவள் நான். எங்கள் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்கள் என்னிடம் தொழில் விஷயம் கேட்கிறார்கள். எந்த எண்ணெய்க்கு எந்த ஊர்ச் சரக்கு நல்லது என்பதெல்லாம் செல்போனிலேயே கிடைத்துவிடும். நான் சொல்ல நினைப்பது ஜோதி வந்த அந்தக் காலையைப் பற்றி.

உப்புத் தண்ணீர்

ஜோதி பின்னாலேயே அவள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தி கையில் சொம்பு நிறைய உப்புத் தண்ணீர். "குடிக்க வெச்சு, தொண்டைல வெரல வுட்டா எல்லாம் வெளிய வந்துரும்" என்றாள். இன்னொருத்தி பால் கொடுத்தால் விஷம் முறியும் என்றாள். இந்த எண்ணெய்களில் வாந்தி எடுக்க வைப்பதுதான் பெரிய ஆபத்து. வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டால் மூச்சுக்கே மோசம். இதை எங்களுக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனிக்காரர் வரும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்.

நான் சொம்பைப் பிடுங்கிச் சாக்கடையில் ஊற்றினேன். "உப்பும் வேண்டாம், பாலும் வேண்டாம். ஒண்ணும் வாயில ஊத்தாதீங்க. முறிவுன்னு கடைல ஒண்ணும் கிடையாது ஜோதி, ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். அந்த பாட்டில் எங்க?"

"வீட்லதானுங்க கெடக்குது."

"ஓடிப் போய் எடுத்துட்டு வாங்க யாராவது."

சொம்புக்காரிக்கு என் மேல் கோபம். ஆனாலும் பாட்டிலுக்கு ஓடினது அவள்தான். எங்கள் முதலாளி கன்னடக்காரர், எங்களோடு பேசிப் பேசித் தமிழ் கற்றவர். கடையின் பெயர் கெட்டுவிடுமே என்று அவர் யோசித்திருந்தால் நான் வியந்திருக்க மாட்டேன். அவரோ ரோட்டில் இறங்கி ஆட்டோவை மறித்துக்கொண்டிருந்தார். "நீயும் ஜொதைல போம்மா, அங்கடி நான் நோடிக்கறேன். பேகா, பேகா!" என்று என்னையும் சீக்கிரமாகக் கூடப் போகச் சொல்லி விரட்டினார்; கடையை அவர் பார்த்துக்கொள்வாராம்.

ஆட்டோவில் கீர்த்தியின் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டே போனோம். கண்ணைத் திறப்பாள், மூடிக்கொள்வாள். ஜோதி தன் ஊர்ச் சாமி மாதேஸ்வரனை வேண்டிக்கொண்டே வந்தாள். எனக்கு வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. குழந்தை மூச்சு விடுகிறதா என்று பார்ப்பதே என் வேலையாக இருந்தது.

பாட்டில் கழுத்தில் வெள்ளைத் தூள்

கேஷுவாலிட்டியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, என்ன குடித்தாள், எவ்வளவு என்று. ஜோதி சொன்னாள்: "ரெண்டு முழுங்கு இருக்குமுங்க. வெறும் நீலகிரித் தைலந்தானுங்க."

சொம்புக்காரி ஓடிப்போய்க் கொண்டுவந்த பாட்டில் என் கையில் இருந்தது. மாம்பழ ஜூஸ் வரும் சின்ன பிளாஸ்டிக் பாட்டில், மேலே மாம்பழப் படம் அப்படியே. சொந்த பாட்டில் கொண்டு வந்தால் லூஸில் ஊற்றிக் கொடுப்பது எங்கள் முதலாளியின் அப்பா காலத்து வழக்கம். டானிக் பாட்டில், தண்ணீர் பாட்டில், எது வந்தாலும் புனல் வைத்து ஊற்றுவோம். ஜனங்களுக்கும் அதில்தான் திருப்தி.

மூடியைத் திறந்து முகர்ந்தேன். பயன் இல்லை. என் சேலையிலேயே எல்லா எண்ணெயும் ஊறிக் கிடக்கிறது, மூக்கு எதைப் பிரித்துச் சொல்லும்? அப்போதுதான் பாட்டில் கழுத்தில், மூடி திருகும் இடத்தில், வெள்ளையாகத் தூள் படிந்திருந்ததைப் பார்த்தேன். விரலால் தொட்டேன், ஜில்லென்றது. சுத்தமான நீலகிரித் தைலம் அப்படித் தூள் கட்டாது.

"ஜோதி, இதுல கற்பூரம் போட்டியா?"

அவள் டாக்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போன் காதில் இருந்தது. அந்தப் பக்கம் புருஷன் கத்துவது எனக்கே கேட்டது. 'புள்ளயப் பாத்துக்கறத விட உனக்கு வேறென்ன வேல' என்று. இன்னொரு குற்றத்தை ஒப்புக்கொள்ள எந்தப் பெண்ணுக்குத்தான் வாய் வரும்?

நான் போனை வாங்கி அணைத்தேன். "உன்ன யாரும் திட்டப் போறதில்ல. மூட்டு வலிக்கு எல்லாரும் போடறதுதான். எவ்வளவு போட்டே, அத மட்டும் சொல்லு."

"ஒரு பாக்கெட்டுங்கக்கா" என்று சொல்லி அழுதுவிட்டாள். "அவருக்குக் கை வலி, தூங்கறதே இல்ல. கற்பூரம் போட்டு வெயில்ல வெச்சா நல்லாக் கேக்கும்னு சொன்னாங்க."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. கற்பூரம் என்றால் எந்த நேரமும் ஃபிட்ஸ் வரலாம் என்று நர்ஸிடம் சொல்லி, ஊசி மருந்தைக் கட்டில் பக்கத்திலேயே தயாராக வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஃபிட்ஸ் வந்தது. குழந்தையின் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. ஜோதி என் தோளைக் கடித்துக்கொண்டு நின்றாள். மருந்து கையிலேயே இருந்ததால் சீக்கிரம் நின்றது. வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை நான்.

மறுநாள் கீர்த்தி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள்.

அதற்குப் பிறகு

இப்போது எங்கள் கடையில் வெளி பாட்டிலில் ஊற்றுவது கிடையாது. லேபிள் ஒட்டிய கண்ணாடிக் குப்பி, குழந்தை திறக்க முடியாத மூடி, அவ்வளவுதான். "பெரிய கடை ஆயிட்டீங்க" என்று பழைய ஆட்கள் குத்திக் காட்டுவார்கள். காட்டட்டும்.

ஊரின் வசதியான பகுதியான விஜயநகரிலிருந்து காரில் வருகிறவர்கள், அறையில் வாசம் பரப்பும் டிஃப்யூசருக்கு எத்தனை சொட்டு என்று கேட்பார்கள். நான் முதலில் கேட்பது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது. கைக்குழந்தை என்றால் அந்த அறையில் எதுவுமே வேண்டாம். சளி பிடித்தால் மூக்கிலோ நெஞ்சிலோ தடவ வேண்டாம், டாக்டரிடம் போங்கள். பெரியவர்களுக்கும் நேராகத் தோலில் படக்கூடாது, தேங்காய் எண்ணெயில் சில சொட்டு மட்டும். விளக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். "நேச்சுரல்தானே மேடம்?" என்பார்கள். அரளி விதையும் நேச்சுரல்தான் என்பேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் வேறு கடைக்குப் போவார்கள்.

இதைவிட முக்கியமாக நான் கற்றது ஒன்று உண்டு. விபத்து நடந்த வீட்டில் முதலில் திட்டத் தொடங்கினால் உண்மை வெளியே வராது. அந்த உண்மைதான் டாக்டருக்கு வேண்டியது. திட்ட வேண்டுமென்றால் பிறகு நாள் முழுக்க நேரம் இருக்கிறது.

ஒரு தீபாவளிக்கு முன்னால் ஜோதி மறுபடி கடைக்கு வந்தாள். புருஷனுக்குக் கை வலி விட்டபாடில்லை. தைலத்துக்கென்று பரண் மேல் பூட்டுப் போட்ட பெட்டி வாங்கி வைத்திருக்கிறாளாம். குப்பியை எடுத்துக் கொடுத்தேன். கீர்த்தி வாசற்படி தாண்டி உள்ளே வரவே மாட்டேன் என்றாள். மூக்கைப் பொத்திக்கொண்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"இந்தக் கடை வாசமே இவளுக்கு ஆகறதில்லீங்கக்கா" என்று ஜோதி சங்கடப்பட்டாள்.

"ஆகவே வேண்டாம் அம்மிணி" என்றேன். என் சரக்கு பிடிக்காத ஒரு ஆளைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.