அப்பாவின் கல்லில் இருந்த பாசி

எனக்கு அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. போன வருஷம் கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், அம்மாவிடம் சொல்லாமல், ஆசிட் பாட்டிலும் கம்பி பிரஷுமாக ராயபுரம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன்.

அப்பாவின் கல்லில் ஒரு பாசி இருந்தது. சாம்பல் பச்சை, ஓரம் வெள்ளை, நடுவில் கறுப்புப் புள்ளிகள். நகத்தால் சுரண்டினாலும் வராது. எனக்குப் பத்து வயதில் மிளகு அளவுதான். என் கல்யாணத்தின்போது எட்டணா அளவு. இப்போது அம்மாவின் உள்ளங்கையை நிறைத்துவிட்டது. வருஷாவருஷம் பூ வைத்ததும் அம்மா அதன்மேல் கையை வைத்துப் பார்ப்பாள். "உன் நைனா கய்த்துல தேமல் கீமே, அதேமாரி கீது பாரு" என்று சிரிப்பாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பாவுக்குக் கழுத்தெல்லாம் தேமல். மெழுகுவத்தி வாசமும் கடல் காற்றும் அந்தச் சிரிப்புமாக எத்தனை நவம்பர்கள். நினைத்தால் இன்னும் ஏங்குகிறது மனசு.

ஆனால் பக்கத்துக் கல்லறைகள் டைல்ஸ் ஒட்டிப் பளபளக்க, அப்பாவுடையது மட்டும் கலீஜாகக் கிடந்தது எனக்கு அவமானமாக இருந்தது. தேய்த்துத் தள்ளினேன். பெயின்டரைக் கூப்பிட்டு, மங்கிப்போன பெயரைக் கறுப்பில் எழுதவைத்தேன்.

திருநாளன்று அம்மா வழக்கம்போல் எனக்கு முன்னால் நடந்தாள். அப்பாவைத் தாண்டிப் போனாள். திரும்பி வந்து மறுபடி தாண்டினாள். ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்தாள்.

"இன்னாடி, நைனாவ காணோம்?"

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பாசிதான் அவளுக்கு அடையாளம் என்பது இத்தனை வருஷம் கூடவே இருந்தும் என் புத்தியில் உறைக்கவில்லை.

கல்லூரியில் தாவரவியல் படிக்கும் என் மகள், கல்லறையில் எடுத்த பழைய போட்டோ ஒன்றைத் தன் டீச்சரிடம் காட்டினாள். அது லைக்கனாம். பூஞ்சையும் பாசியும் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகிற உயிராம். அதில் எந்த வகை என்று டீச்சருக்கே தெரியவில்லை. திரும்ப அந்த அளவுக்கு வளர இன்னொரு நாற்பது வருஷம் ஆகலாம் என்றாராம்.

இந்த வருஷம் கல்லை நான்தான் காட்டினேன். அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. விரலை நீட்டி, "அவுரு பேரு எதுன்னு காட்டு" என்றாள். அந்த விரலைப் பிடித்து எழுத்துகளின்மேல் நகர்த்தினேன். சின்னப் பெயர், சீக்கிரம் முடிந்துவிட்டது.

"அவ்ளோதானா?" என்றாள்.