ஓடையின் மேல்பக்கம்

கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே வெண்மதிக்கு வீட்டில் பல விஷயங்கள் பிடிக்காமல் போயின. அப்பா சொம்பில் வாய் வைத்துக் குடிப்பது, அம்மா மீன் கழுவிய கையை முந்தானையில் துடைப்பது, சோறு தின்னும் இடத்தில் சேற்றுக்கால் தடம். பூவத்துக்குப் பக்கத்தில் வயலோரம் அவர்கள் வீடு. அரசாங்கப் பணத்தில் கட்டிய கழிப்பறையில் அப்பா யூரியா மூட்டைகளை அடுக்கிவிட்டார். குடும்பமே வாய்க்கால் கரைக்குத்தான் போனது. விடியுமுன் பெண்கள், விடிந்தபின் ஆண்கள். அந்தக் கரையின் நாற்றம் துணியில் ஒட்டியிருக்குமோ என்று காரைக்கால் பஸ் ஏறுமுன் தோளை முகர்ந்து பார்த்துக்கொள்வாள். அந்தக் குடும்பத்தில் பட்டப்படிப்புக்குப் போன முதல் ஆள் அவள்தான். அருவருப்பும் அந்தப் படிப்போடு சேர்ந்துதான் வந்தது. தான் மேலே போய்க்கொண்டிருப்பதற்கு அதுவே அடையாளம் என்று நம்பினாள்.

மேலே போவதற்கு இன்னொரு வழியும் கிடைத்தது. கல்லூரி மலையேற்றக் குழு. காரைக்காலில் ஏற மேடு ஏது? பூமிநாதன் சார் மாணவர்களைப் பதினைந்து கிலோ பையோடு கடற்கரை மணலில் நடக்கவிட்டார். மேல்நிலைத் தொட்டியின் இரும்பு ஏணியில், இடுப்பில் கயிறு கட்டி ஏற்றி இறக்கினார். வருடா வருடம் இமயமலையில் ஒரு மாதப் பாறையேற்றப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்புவார்கள். செலவு கல்லூரியுடையது. இந்த வருடம் அது வெண்மதிக்கா, வகுப்புத் தோழன் கருப்பையனுக்கா என்பதில் சாருக்கே தடுமாற்றம். மேற்கே ஒரு மலையில் மூன்று நாள் முகாம் போட்டு, கடைசி நாள் பாறையில் இருவரையும் ஏறவைத்துப் பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னார்.

வழியெல்லாம் கருப்பையன்தான் பஸ்ஸைச் சிரிக்கவைத்தான். அவன் வீடும் வயலோரம்தான். தன் வீட்டில் கக்கூஸ் கிடையாது, மழைக்காலத்தில் குடையோடு வாய்க்காலுக்குப் போவேன் என்று கூச்சமில்லாமல் நடித்துக் காட்டினான். அன்றிலிருந்து அவன் பெயர் 'வாய்க்கா'. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கீர்த்திகா, காரைக்கால் டவுன் பெண், மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெண்மதியும் பொத்திக்கொண்டாள்.

முகாம் ஒரு ஓடையை ஒட்டி இருந்தது. முதல் நாள் மாலையே சார் சொல்லிவிட்டார்: ஓடையிலிருந்து நூறு அடி தள்ளிப் போக வேண்டும், குழி தோண்டி மூட வேண்டும். அதற்கென்று கையடக்கமான ஒரு மண்வெட்டி, சார் கூடாரத்து வாசலில் ஆரஞ்சுக் கயிற்றில் தொங்கியது. ஒன்றே ஒன்று. அதை எடுத்துக்கொண்டு நடந்தால் பதினெட்டுப் பேருக்கும் எதற்கென்று தெரியும். பையன்கள் அதை எடுத்தவனுக்கெல்லாம் கைதட்டினார்கள். பெண்கள் தொடவேயில்லை.

மூன்றாம் நாள் விடியுமுன் வெண்மதிக்கு வயிறு கலக்கியது. மண்வெட்டியைப் பார்த்தாள். சார் அதன் பக்கத்திலேயே நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் வந்த திசைக்குக் கால்கள் தாமாகவே போயின. இருபது வருடப் பழக்கம்; கழுவ ஓடும் தண்ணீர் வேண்டும். ஓடையின் மேல்பக்கம் ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தாள், கழுவினாள், வந்துவிட்டாள். தவறு செய்கிறோம் என்ற நினைப்புகூட அப்போது எழவில்லை.

ரவை உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சின்னப்பிள்ளை வந்தாள். நாற்பது வயதிருக்கும். முகாமுக்கு வழிகாட்டியும் சமையலும் அவள்தான். அவள் வீட்டோடு சேர்த்துக் கீழே இருந்த பதினோரு வீட்டுக்கும் அந்த ஓடைதான் குடிதண்ணீர். கையில் காலிக் குடம். மேலே வந்து பார்க்கச் சொன்னாள்.

எல்லோரும் போனார்கள். பச்சை ஈக்கள். தண்ணீருக்கு இரண்டு சாண் தள்ளி. வெயில் ஏறிவிட்டதால் நாற்றமும் ஏறியிருந்தது. கொஞ்சம் கீழேதான் உப்புமாவுக்குத் தண்ணீர் மொண்ட இடம். கீர்த்திகா அங்கேயே குனிந்து வாந்தியெடுத்தாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். வெண்மதிக்கும் உப்புமா தொண்டைவரை வந்தது. தன்னுடையதைப் பார்த்தே தனக்குக் குமட்டுகிறது என்பது அவளுக்கு ஒரு கணம் வேடிக்கையாகக்கூட இருந்தது.

"டேய் வாய்க்கா, ஒன் வேலதானடா?" என்றான் குழுவில் இருந்த அஃப்ரித்.

யாரும் விசாரிக்கவில்லை. குடையோடு வாய்க்காலுக்குப் போகிறவனைத் தவிர வேறு யாராக இருக்கும்? கருப்பையன் தான் இல்லை என்று ஒருமுறை சொன்னான். இரண்டாம் முறை சொல்ல வாயெடுத்துச் சுற்றிலும் பார்த்தான். எல்லோர் கையும் மூக்கின்மேல். வெண்மதியின் கையும். "கருமம்" என்று அவள் முணுமுணுத்தது அவனுக்கு நிச்சயம் கேட்டிருக்கும்.

"யாருதா இருந்தா என்ன, கெடக்கட்டும்னு வுட முடியுமா?" என்று சொல்லிவிட்டு அவன் போய் மண்வெட்டியை எடுத்து வந்தான். அடியில் மண்ணோடு சேர்த்து வாரி, நூறு அடி தள்ளிக் கொண்டுபோய்ப் புதைத்தான். அஃப்ரித் அதைப் படம் பிடித்தான். கருப்பையன் திரும்பி வந்து மணலைப் போட்டுக் கையைத் தேய்த்தான், மறுபடி தேய்த்தான். யாரும் அவனுக்குச் சோப்பு நீட்டவில்லை.

பாறை ஏற்றத்தில் அவன் கிடையாது, சின்னப்பிள்ளையோடு இறங்கி மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போகட்டும் என்று சார் சொன்னார்.

பாறையடியில் சார் வெண்மதியின் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். இனி இமயமலை அவளுக்குத்தான். வாயைத் திறக்காமல் ஏறினால் போதும். அண்ணாந்து பார்த்தாள். பாறை சுத்தமாக இருந்தது. கீழே சற்றுத் தள்ளிக் கருப்பையன் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். இடையில் நிறுத்திக் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். காரைக்கால் பஸ் ஏறுமுன் அவள் தோளை முகர்வதுபோலவே.

அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. இந்தமுறை ஈயும் இல்லை, நாற்றமும் இல்லை.

"சார், அது நான்தான். கருப்பையன் இல்ல."

சாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கோணியது. "ஏம்மா, பொம்பளப் புள்ள... இத எல்லார் முன்னாடியும் சொல்லலாமா?" என்றார். ஓடைக்கரையில் கிடந்ததைப் பார்த்தபோதுகூட அவர் அப்படி முகம் சுளிக்கவில்லை. கயிற்றை அவள்மேல் விரல் படாமல் அவிழ்த்துக் கருப்பையனைக் கூப்பிட்டார். கீர்த்திகா, இரண்டு நாளாகத் தானும் வெண்மதியும் குடித்த பாட்டிலின் மூடியைத் துடைத்தாள். பிறகு யோசித்து, பாட்டிலையே புதருக்குள் எறிந்தாள். கருப்பையன் கயிற்றை வாங்கிக்கொண்டான். அவளை நன்றியோடு பார்ப்பான் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தாள். அவன் பார்த்தது கீர்த்திகா பார்த்ததைவிட மோசமாக இருந்தது. அந்தக் 'கருமம்' அவன் காதில் இருந்தது.

சின்னப்பிள்ளையோடு அவள்தான் இறங்கினாள்.  பாதி வழியில் சின்னப்பிள்ளை, ஓடை தெளிய இரண்டு நாளாகும், அதுவரை வீடுகளுக்குப் பின்பக்கத்து ஊற்றுத் தண்ணீர்தான் என்றாள். அவள் வீட்டை அடைந்தபோது பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. வெண்மதி குடம் கேட்டாள்.

ஊற்று செங்குத்தான சரிவின் அடியில் இருந்தது. கடற்கரை மணலில் சுமந்த பதினைந்து கிலோ பையைவிடக் குடம் கனத்தது. நாலு குடம் சுமந்து வந்து வீட்டு வாசலில் வரிசையாக வைத்தாள். சின்னப்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கி மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள்.

"கோவம் இல்ல கண்ணு. நீ மொண்டத குடிக்க எனக்குக் கொமட்டுது. மாடு குடிக்கட்டும்."

வெண்மதிக்கு அழுகை வரவில்லை. காலையிலிருந்து எத்தனையோ முகங்கள் சுளிப்பதைப் பார்த்துவிட்டாள், தன் முகத்தையும் சேர்த்து. இந்த ஒரு சுளிப்பில்தான் குறை சொல்ல எதுவும் இல்லை.

மாடுகள் மூன்று இருந்தன. தொட்டி பாதிகூட நிறையவில்லை. அவள் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி சரிவில் இறங்கினாள்.